பாட்டி படத்துக்கு வாங்கிய பிரேம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

புது வீட்டுச் சாமியறையில் மாட்டுவதற்குப் பாட்டி படத்துக்கு ஒரு பிரேம் வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாய். அப்பாவும் நானும் ஈப்போவில் கைவேலைச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போய் வாங்கிவிட்டோம். இங்கே சுங்கை சிப்புட்டில் நான் பார்த்ததெல்லாம் கல்யாணப் படத்துக்கும் பட்டமளிப்புப் படத்துக்கும் ஏற்ற பெரிய தங்க நிற பிரேம்கள்தான். பாட்டியின் அந்தச் சின்னப் படத்துக்கு அவை பொருந்தாது.

அந்தப் படத்தின் கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அப்புறம்தான் 12 வயது ஆன எல்லாரும் படமும் கைரேகையும் உள்ள ஐசி, அதாவது அடையாள அட்டை, வைத்திருக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள். பாட்டி அப்போது அவர் அம்மாவோடு பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்குப் போய், பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்துக் கொடுக்கும் பெண். அதற்கு முன் கேமராவையே பார்த்ததில்லையாம். ஐசிக்காக எடுத்ததில் மிஞ்சிய ஒரு பிரதிதான் நம்மிடம் இருப்பது. அதில் அவர் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. எதிரில் நிற்பவரை நேராகப் பார்க்கிறார். எனக்கு அந்தப் பார்வை ரொம்பப் பிடிக்கும்.

கடையில் இருந்த பெண் படத்தைப் பெரிதாக்கி 8ஆர் அளவில் போடலாம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சின்னப் படத்தை 8-க்கு 10 அங்குலமாக இழுத்தால் கண்ணும் மூக்கும் மங்கிப் போகும், அந்தப் பார்வையும் போய்விடும். அதனால் பிரேமை மட்டும் 8ஆரில் எடுத்து, உள்ளே அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து, நடுவில் படத்தின் அளவுக்குச் சின்ன ஜன்னல் வெட்டச் சொன்னேன். படம் நழுவாமல் இருக்க ஜன்னல் நாலு பக்கமும் ஒரு நூல் அளவு குறைவாக இருக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் கண் தானாகப் பாட்டி முகத்துக்குப் போகிறது. நீயே பார்ப்பாய்.

அந்த அட்டை அழகுக்கு மட்டும் இல்லை, படம் கண்ணாடியில் படாமலும் தடுக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. பெரியம்மா வீட்டுக் கல்யாணப் படம் அப்படித்தான் ஆனது. இழுத்தபோது மாப்பிள்ளையின் பாதி முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. உன் வீட்டில் ஏதாவது படம் ஒட்டியிருந்தால் பிரிக்காதே, கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் எடு. பின்பக்கம் செல்லோடேப் ஒட்டாதே, நாளாக ஆகப் பழுப்புக் கறை ஏறும். மூலைகளைக் காகிதத்தில் செருகினால் போதும். நீ பிரேம் வாங்கப் போனாலும் முதலில் திருப்பிப் பார், நாலு மூலையிலும் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கிறதா என்று.

பிரேமுக்குள் இருப்பது அதே அளவில் எடுத்த நகல். அசல் என் அலமாரியில் காகித உறைக்குள் இருக்கிறது. அது உனக்குத்தான், ஆனால் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பாட்டியைச் சாமியறையில் மாட்டாதே. விளக்குச் சூடும் சாம்பிராணிப் புகையும் படத்துக்கு ஆகாது என்பது ஒரு பக்கம். அங்கே மாட்டினால் மாலை போட்டு, கண்ணாடியில் பொட்டு வைத்து, அவரை இறந்துபோனவராக மட்டும்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். வருகிற சீன, மலாய்க்காரச் சிநேகிதர்கள் யாரும் அந்த அறைக்குள் வரமாட்டார்கள். கூடத்தில் மாட்டினால், இது யார் என்று கேட்பார்கள். உன் மகன் பதில் சொல்ல வேண்டி வரும். சொல்ல வேண்டுமானால் தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா? நாங்கள் குடியிருந்த தோட்டத்து லய வீடுகள் இடிந்து அந்த இடம் செம்பனைத் தோட்டமாகிவிட்டது. அழைத்துப் போய்க் காட்டினாலும் அங்கே பாட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை. உன் வீட்டுச் சுவரில்தான் இருக்க முடியும்.

வெயில் நேராக விழாத சுவராகப் பார், மழைச் சாரல் அடிக்கும் பக்கமும் வேண்டாம்.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கும் கலர் படம் ஒன்று இருக்கிறதே, அதையும் அனுப்ப ஆசை. பழைய கலர் படம் என்பதால் ஏற்கெனவே சிவந்துகொண்டு வருகிறது, அதை முதலில் ஸ்கேன் எடுக்கக் கொடுத்திருக்கிறேன். பாட்டி படம் சித்தப்பா வரும்போது அவர் காடியில் வந்து சேரும். சோபாவுக்கு மேலே எவ்வளவு அகலம் இருக்கிறது என்று அளந்து எழுது. பெரட்டுக் களப் படத்துக்குப் பிரேம் சொல்லிச் செய்ய வேண்டும், ரெடிமேடில் அந்த நீளம் கிடையாதாம்.

அன்புடன்,
அம்மா