ஸ்டோரேஜ் நிறுவல்: இனி எல்லோருக்கும் ஒரே திட்டப் படிவம்

வணக்கம். வரும் திங்கள் முதல் எந்த வாடிக்கையாளருக்கு ஸ்டோரேஜ் (தரவு சேமிப்புக் கருவி) நிறுவினாலும் ஒரே திட்டப் படிவம்தான். ஆளுக்கொரு எக்செல் வேண்டாம்.

மின்சாரப் பகுதியை அவசரமாக நிரப்பாதீர்கள். ரேக்கில் (கருவிகளை அடுக்கும் சட்டகம்) இரண்டு பி.டி.யு. (கருவிகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் சாக்கெட் பட்டை) இருந்தால் மட்டும் போதாது. இரண்டுக்கும் தனித்தனி யு.பி.எஸ்.ஸிலிருந்து மின்சாரம் வருகிறதா, ஒன்று போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்குமா என்று கேட்டு எழுதுங்கள். சாக்கெட் சி13 வகையா, அதைவிட அதிக மின்னோட்டம் தாங்கும் சி19 வகையா என்பதற்குப் புகைப்படம் வேண்டும். "எல்லாம் ரெடி சார்" என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வட்டுகள் நிறைந்த 42யு (42 அடுக்கு உயர) ரேக் ஒரு டன்னைத் தாண்டலாம். தளம் தாங்கும் எடை, லிஃப்ட், கதவின் உயரம் எல்லாம் சரக்கு கிளம்பும் முன்பே உறுதியாக வேண்டும்.

16ஜி வேக ஃபைபர் சேனலுக்கு (சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் நெட்வொர்க்) ஓ.எம்.3 வகை ஒளியிழைக் கேபிள் 100 மீட்டர், ஓ.எம்.4 என்றால் 125 மீட்டர் வரைதான். தூரத்தை ரேக்குக்கு ரேக் நேராக அளக்காமல், கேபிள் ஏறி இறங்கும் வழியோடு அளந்து எழுதுங்கள்.

ஐ.பி. முகவரி, டி.என்.எஸ். (பெயரை முகவரியாக மாற்றும் சர்வர்), என்.டி.பி. (கடிகார நேரத்தைச் சரிசெய்யும் சர்வர்), ஜோனிங் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜை அணுகலாம் என்ற பிரிப்பு) பெயர்கள் எல்லாம் வழக்கம்போல நிரப்புங்கள். அப்புறம், வாடிக்கையாளர் கையொப்பமிட்ட படிவம் வந்த பிறகே நிறுவல் தேதி கொடுக்கப்படும். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.