தனுஷ்கோடி ஸ்டேஷன்: பழைய படம் இருந்தால் அனுப்புங்கள்

நண்பர்களே, இந்த வாரம் தனுஷ்கோடி ரயில் நிலையம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் மெட்ராசிலிருந்து வரும் போட் மெயில் ரயில் இங்கேதான் வந்து நிற்கும். இறங்கி, கப்பலேறித் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. டிக்கெட் என்னவோ ஒன்றுதான்!

1964 டிசம்பர் 22, நள்ளிரவை ஒட்டி, புயலலை பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சரையே சுருட்டிக்கொண்டு போனது. பயணிகள் யாரும் தப்பவில்லை. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள்; ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவே இல்லை. ஸ்டேஷனில் மிச்சம் சில இடிந்த சுவர்களும் தண்ணீர்த்தொட்டி நின்ற தூண்களும்.

சரி, 1964-க்கு முந்தைய படமோ டிக்கெட்டோ வீட்டில் கிடந்தால் குழுவில் போடுங்கள். யூடியூப் பேய்க்கதைகள் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.