முன் டயர் ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரின் முன் டயர் ஓரமாகத் தேய்ந்தால் உடனே வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்தல்) செய்துகொள்ள வேண்டும் என்று தங்கள் இதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. அலைன்மென்ட் தேவைதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமலே காரை அலைன்மென்ட் மேடையில் ஏற்றுவது, நாடி பிடித்துப் பார்க்காமலே மருந்து கொடுப்பதைப் போன்றது. புது டயர் போட்டு, அலைன்மென்டும் செய்த பிறகு, அதே ஓரம் மறுபடியும் மழுங்கிப் போய் வருந்துகிறவர்கள் பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

காற்றழுத்தக் கோளாறை அடையாளம் காண்பது எளிது. இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவையே, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து நிரப்ப வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு என்பதால் அதைப் பின்பற்றக் கூடாது.

ஓர் ஓரம் மட்டும் தேய்வதில்தான் நிதானம் வேண்டும். உள்ளங்கையை டயரின் பட்டன்கள் மீது குறுக்காக, முதலில் உள்ளிருந்து வெளியேயும், பிறகு வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போலவும் உறுத்தினால் டோ அளவு (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) தவறியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சக்கரங்கள் நேராக உருளாமல் பக்கவாட்டில் தரையை உரசிக்கொண்டே போவதால் வரும் தேய்மானம் அது. முன் சக்கரங்கள் இரண்டும் ஸ்டியரிங்கால் இணைக்கப்பட்டிருப்பதால், கார் நேராக ஓடும்போது டோ பிழையை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே இரு டயரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேய்மானம் தெரியும். ஒரு டயரில் மட்டும், அதுவும் உறுத்தல் இல்லாமல் சீராக, உள் ஓரம் தேய்ந்திருந்தால் கேம்பரை, அதாவது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும். பள்ளத்தில் விழுந்து வளைந்த, சக்கரத்தைத் தாங்கும் பாகங்களான ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ, தளர்ந்து அமுங்கிய ஸ்பிரிங்கோ காரணமாக இருக்கலாம். பல கார்களில் முன் கேம்பரைத் திருத்துவதற்கான வசதியே கிடையாது. அவற்றில் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டால் வளைந்த பாகம் வளைந்தபடியேதான் இருக்கும்.

அலைன்மென்டுக்கு முன் இன்னொரு சோதனையும் கட்டாயம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, காரை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திய பின், மெக்கானிக் அதை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையும், மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டையும் வீல் பேரிங்கையும் பார்க்க வேண்டும். லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்பதை லிவர் வைத்து நெம்பிப் பார்த்தால்தான் பல வேளைகளில் தெரியும். இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும், மேடையில் நின்றபோது சரியாக இருந்த அளவு பிரேக் பிடித்த கணத்தில் மாறிவிடும். டயரைச் சுற்றிலும் விட்டுவிட்டுக் குழிகள் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் கவனிக்க வேண்டும். அதற்கு அலைன்மென்ட் மட்டும் உதவாது.

எனக்குப் பெரிதும் கவலை தருவது உள் ஓரத் தேய்மானம். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரிவதே இல்லை. ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் ஒடித்து வைத்துப் பார்த்தால், வெளிப்புறம் ஆழமான பட்டன்களோடு இருக்கும் அதே டயரில் உள்புறம் 1.6 மி.மீ. தேய்மானக் குறியையும் தாண்டிக் கம்பி தெரியும் நிலைக்கு வந்திருப்பது கண்ணில் படலாம். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போடுவது, இருக்கும் தடயத்தையும் கலைத்துவிடும்.

அலைன்மென்ட் செய்பவரிடம், திருத்துவதற்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டையும் அச்சிட்டுத் தரும்படி வாசகர்கள் கேட்டு வாங்க வேண்டும். தேய்மான வகைகளைப் படங்களோடு விளக்கி ஒரு கட்டுரையைத் தாங்கள் வெளியிட்டால், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்