வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதம் ஒன்று வீதம் 12 கூட்டம் நடந்திருக்க வேண்டும், 10தான் நடந்தது. ஐப்பசியில் மழை. வைகாசியில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று கல்யாணம், நம் ஆட்கள் மூன்றிலும் பந்தியில் இருந்தார்கள்.

கதையைப் படித்தோம், டீ குடித்தோம், கலைந்தோம் என்று இல்லாமல், அதை எழுதியவர் என்ன வேலை பார்த்தார், எப்படி எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்ப்போம் என்று போன வருஷம் முடிவு செய்தோம். "எழுதணும், நேரம்தான் கிடைக்கல" என்று சொல்லித் திரிகிறவர்கள் நம்மில் பாதிப்பேர் (நானும்தான்), அதனால் வந்த முடிவு. பார்த்தால், ந. பிச்சமூர்த்தி வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைக் கவனித்துக்கொண்டே கதை எழுதினார், பசுவய்யா என்ற பெயரில் கவிதையும் எழுதினார். வண்ணதாசன் வங்கி வேலையில் இருந்தவர். நேரமில்லை என்ற சாக்கு அதோடு போய்விட்டது. ஆனால் சிதம்பரத்தில் அரிசி ஆலை நடத்திய மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள்தான் என்று தெரிந்ததும் "நான் மௌனி கட்சி" என்று புதுச் சாக்கு கிளம்பியிருக்கிறது.

இந்த வருஷத்தில் எனக்கு மறக்காத கூட்டம் சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா. (கு.ப. ராஜகோபாலன்) பற்றியதுதான். மேலூரில் தாலுகா அலுவலக வேலையில் இருந்தபோது கண்புரையால் அவருக்குப் பார்வை போய்விட்டது, அவர் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதிக்கொடுத்திருக்கிறார். நாமும் செய்து பார்ப்போமே என்று இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தோம், ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். நாலு வரி தாண்டியவர்கள் குறைவு. தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி "கமா, முற்றுப்புள்ளி" என்று அதையும் வாயால் சொல்லிக்கொண்டே போனார். எழுதிக்கொண்டிருந்த தையல்கடை அக்கா திடீரென்று பேனாவை வைத்துவிட்டு, "அந்தப் பொம்பளை எதுக்கு அண்ணாச்சி இங்க அழணும்? அவ அழமாட்டா" என்றார். அண்ணாச்சி கண்ணைத் திறக்காமலே "அழுவா, எழுதும்மா" என்றார். அக்கா எழுதவில்லை. கால்மணி நேரம் நடந்த அந்தச் சண்டையில் கூட்டம் முழுக்கக் கட்சி பிரிந்துவிட்டது, நான் அக்கா பக்கம். சேது அம்மாளும் பின்னால் நல்ல கதைகள் எழுதியவர் என்பதை அன்றைக்குத்தான் பலரும் கவனித்தோம். கு.ப.ரா. 1944இல் இறந்தபோது வயது 42 என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் போண்டா வந்தது.

இடைசெவலுக்கு பஸ்ஸில் போய் வந்தோம், 14 பேர். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி இருவரும் அந்த ஊரில், அதே 1923இல் பிறந்தவர்கள். அழகிரிசாமி வேலை தேடிச் சென்னை போனார், மலேயா போனார், 1970இல் காலமானார். ராஜநாராயணனோ விவசாயம் பார்த்து, முப்பத்தைந்து வயதை ஒட்டிக் கதை எழுத ஆரம்பித்து, 2021 வரை இருந்தார். திரும்பும் வழியில் மினிட் நோட்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன், அதனால் நாலு கூட்டத்தின் குறிப்பு ஞாபகத்திலிருந்து எழுதியது. தப்பிருந்தால் சொல்லுங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா ஏழு பேர் பாக்கி, பெயர் வாசிக்கவில்லை. அண்ணாச்சி கதை முடிந்துவிட்டதாம், அழுகை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மறுக்கிறார், அடுத்த மாதம் வாசிக்கிறார். அக்காதான் பிரதி எடுத்துக்கொடுத்தாராம். மௌனி தொகுப்பை எடுத்துப்போனவர் தயவுசெய்து அதற்குள் திருப்பித் தரவும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.