குடிநீர்ப் பயனாளர் சங்கம்: 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்ததிலிருந்து நம் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சோதனைதான். கோடையில் தெளிந்து கிடந்த காவிரி, வண்டலும் சருகுமாக வந்தது. நம்மிடம் இருப்பவை 50 சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு மெம்பரேன் வடிகட்டிகள். உள்ளே சேமியா தடிப்பில், நடுவே துளையுள்ள பி.வி.டி.எஃப். பாலிமர் இழைகள். இழைச் சுவரின் நுண்துளை 0.03 மைக்ரான், பாக்டீரியாவோ சேறோ உள்ளே போகாது. வெளியே நிற்கும் சேறுதான் அடைப்பு.

இழைக்கு வெளியிலும் உள்ளிலும் உள்ள அழுத்த வித்தியாசம் வழக்கமாக 0.3 பார். ஜூன் கடைசியில் 1.2 ஆனது. தண்ணீர் குறைகிறதே என்று பம்ப் அழுத்தத்தைக் கூட்டியது தவறு; சேறு இன்னும் இறுகியதுதான் மிச்சம். முன்னால் உள்ள 130 மைக்ரான் டிஸ்க் ஃபில்டரைக் கழற்றிக் கழுவவில்லை. சேற்றைத் திரட்டிப் படிய வைக்கும் படிகாரத்தையும் கண்ணளவில் போட்டார்கள்.

இப்போது வெள்ளக் காலத்தில் தினமும் ஜார் டெஸ்ட். ஆறு ஜாடியில் லிட்டருக்கு 5 முதல் 30 மி.கி. வரை படிகாரம் கலந்து, தெளிய வைப்பதில் மிகக் குறைந்த அளவையே எடுக்கிறோம். மிஞ்சினால் படிகாரத்திலுள்ள அலுமினியம் இழையில் படியும். படிகாரத்துக்குப் பதில் பாலிமர் திரவம் தருவதாக ஒரு விற்பனையாளர் வந்தார். அது இழையில் ஒட்டினால் எளிதில் கழுவ வராது என்பதால் மறுத்தோம். பேக்வாஷை, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு இழையைக் கழுவுவதை, 60 நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து 30 நிமிடத்துக்கு ஒன்றாக்கினோம். உற்பத்தியை மணிக்கு 6,000 லிட்டரிலிருந்து 4,000 ஆகக் குறைத்தோம். தண்ணீர் விடும் நேரம் நீண்டதற்கு வந்த புகார்களுக்குக் காரணம் இதுவே.

ஜூலையில் ரசாயனக் கழுவல். முதலில் லிட்டருக்கு 500 மி.கி. குளோரின் இருக்கும்படி ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசலில் 2 மணி நேரம் ஊற வைத்தோம். பாசியும் வழுவழுப்பும் போயின. குளோரின் வாடையே இல்லாமல் போகும் வரை அலசிய பிறகுதான் 2 சதவீத சிட்ரிக் அமிலம். இரும்பும் அலுமினியமும் கரைய. அலசாமல் அமிலம் விட்டால் குளோரின் வாயு கிளம்பும், ஆளையே சாய்க்கும். அழுத்தம் 0.4-க்கு இறங்கியது, பழைய 0.3 வரவில்லை.

டிசம்பரில் 1 பார் காற்று ஏற்றிப் பார்த்ததில், அறுந்த ஏழு இழைகளின் முனையில் குமிழி வந்தது. அந்த முனைகளில் சிறு ஊசி (பின்) சொருகி எபாக்ஸி பசை வைத்து அடைத்தோம். பேக்வாஷ் வால்வைப் படாரென்று திறப்பதால் விழும் அடிதான் காரணம். இனி மெதுவாகத் திறக்க வேண்டும்.

ஆர்.ஓ. வைக்கச் சொல்கிறவர்களுக்கு: மெம்பரேன் உப்பை எடுக்காது என்பது சரி. ஆனால் நம் ஆற்றுநீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.), இந்தியக் குடிநீர்த் தர விதியான ஐ.எஸ். 10500 சொல்லும் லிட்டருக்கு 500 மி.கி.-க்குள்ளேயே இருக்கிறது. தொட்டிக்குப் பிறகு மாசு சேராமல் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் நிற்கிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஜூனுக்கு முன் உதிரி டிஸ்க் செட் ஒன்று வாங்கப் பேரவையின் ஒப்புதல் கோருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்