வினையில் பிறக்கும் செரோக்கிப் பெயர்கள்

அன்புள்ள நண்பர் கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். மகள் வீட்டுக்குச் சென்றபின் உங்கள் உடல்நிலை தேறியிருப்பதைக் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். நீங்கள் கேட்டபடியே, நான் இப்போது படித்துவரும் செரோக்கி இலக்கணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் வட கரோலினாவிலும் செரோக்கிப் பழங்குடியினர் பேசும் அம்மொழியில், ஆளையும் பொருளையும் விவரிக்கும் சொற்கள் மிகப் பல வினையிலிருந்தே பிறக்கின்றன. கற்றலைக் குறிக்கும் வினையின் முற்றுப்பெறாத அடியோடு (செயல் தொடர்வதைக் காட்டும் வடிவத்தோடு) ஈற்றில் இகரம் சேர்ந்தால் 'திதேலோக்வஸ்கி', அதாவது கற்பவர், பலராயின் 'திநாதேலோக்வஸ்கி'. 'கற்பவர்' என்பதில் ஆளைக் காட்டும் விகுதி நமக்குக் கடைசியில் நிற்க, அவர்களுக்கோ அது வினைக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதே வினை வேறோர் ஈறு பெற்று 'ஜுநாதேலோக்வஸ்தி' என்றானால் பள்ளிக்கூடம்: அவர்கள் கற்பதற்கான இடம். வாதிடுபவர் வழக்கறிஞர், பிடிப்பவர் காவலர் என்று தொழில் செய்வோரின் பெயர்களும் இப்படியே அமைகின்றன.

செயல் முடிந்ததைக் காட்டும் முற்றுப்பெற்ற அடியிலிருந்து வரும் வடிவம்தான் என்னை மிகவும் ஈர்த்தது. செகோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்கென வகுத்த அசையெழுத்துகளில் செய்தி தாங்கி, 1828 பிப்ரவரி 21 அன்று ஜார்ஜியாவின் நியூ எகோட்டாவில் வெளிவந்த 'செரோக்கி ஃபீனிக்ஸ்' இதழுக்கு அவர்கள் மொழியில் 'ஜலகி ஜுலேஹிசநஹி' என்று பெயர். கிரேக்கப் பறவையின் பெயரைக் கடன் வாங்காமல், 'மீண்டும் எழுந்தது' என்று அதன் செயலையே பெயராக்கியிருக்கிறார்கள். எவ்வளவு துணிவான சொல்லாக்கம், பாருங்கள்! பத்தே ஆண்டுகளில் அம்மக்கள் அந்த மண்ணிலிருந்து படைபலத்தால் மேற்கே துரத்தப்பட்டார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

2019இல் செரோக்கி அரசுகள் மூன்றும் கூடித் தம் மொழிக்கு நெருக்கடிநிலை அறிவித்தபோது, அதைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் ஏறத்தாழ 2,000 பேரே. பழைய சொற்களை அகராதியில் சேர்த்துவைக்கலாம். ஆனால் புதிதாக வந்த பொருளைப் பார்த்த மாத்திரத்தில் அதன் செயலைக் கொண்டு பெயர் கட்டும் பழக்கம் பேசுவோரிடம் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் அங்கே சிறுவர்களுக்கு எல்லாப் பாடங்களையும் செரோக்கியிலேயே நடத்தும் பள்ளிகளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்களிடம் ஒரு கேள்வி. நம் வினையாலணையும் பெயர் காலம் காட்டும். 'படித்தவர்' வேறு, 'படிப்பவர்' வேறு. செரோக்கியிலோ செயல் முடிந்ததா, தொடர்கிறதா என்ற வேறுபாடே அடியைப் பிரிக்கிறது. இவ்விரண்டையும் ஒரே இனமாக வைக்கலாமா? உங்கள் கருத்தை விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
முத்துக்குமாரசாமி