செல்விக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்பு மகள் செல்விக்கு,

நான் நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. பின்வாசல் முருங்கை காய்த்துத் தொங்குகிறது.

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அதைக் கேட்க எழுதவில்லை. பேரனைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைசியாகப் பேசியபோது அவன் வீறிட்டுக்கொண்டே இருந்தான். உன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பால் குடித்ததும் தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவு. கால்விரல்களைப் பிரித்துப் பார். ஒரு தலைமுடி சுற்றியிருந்தாலும் பிள்ளை அப்படித்தான் கத்தும். மார்போடு அணைத்துக்கொண்டு நட. நீ தகரக் கூரையில் மழை விழுந்தால் அடங்குவாய். ஜொகூர் பாருவில், பதினொன்றாவது மாடியில், தகரத்துக்கு எங்கே போவது? குழாயைத் திறந்துவிட்டுப் பார். மூன்றாம் லயத்து அத்தை சொன்னாலும் நாக்கில் தேன் தடவாதே. ஒரு வயதுக்குள் தேன் ஆகவே ஆகாது. காய்ச்சல் 38 டிகிரி காட்டினால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. எவ்வளவு கோபம் வந்தாலும் பிள்ளையை உலுக்காதே.

வியாழக்கிழமை சர்க்கரை மாத்திரை வாங்கப் போனபோது தாதியிடம் கேட்டேன். ஆறாவது வாரத்தில்தான் அழுகை உச்சத்தில் இருக்குமாம், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறைந்துவிடுமாம். பேரனுக்கு இப்போது ஏழாவது வாரம். தாங்க முடியாமல் போனால் அவனை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, பத்து நிமிடம் வெளியே வந்து நிற்கலாம், அதில் பாவம் இல்லை என்றாள். பிறகு, "தாய் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நம் ரப்பர் தோட்டத்திலிருந்து படித்துக் கணக்காய்வாளரானவள் நீ. கோயில் திருவிழாவில் இன்றும் உன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாதா? நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளையை உலுக்காதே.

போன வாரம் நான் சொன்னது உன்னைச் சுட்டிருக்கும். "உனக்கு 98 நாள் பிரசவ விடுப்பு. உன் அம்மா 60 நாளில் பால்மரம் வெட்டப் போனவள், ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை" என்றேன். சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டு வளர்ந்தவள் நீ.

அது பொய், செல்வி.

1991இல் நீ விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கினால் நள்ளிரவு வரை அழுவாய். எனக்கு விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுக்க வரிசையில் போய் நிற்க வேண்டும். ஓர் இரவு, "அதன் வாயை அடை, இல்லையென்றால் வெளியே போ" என்று கத்தினேன். உன்னைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். காலையில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைத் திண்ணையில் இருந்தாள். நீ மடியில் அழுகிறாய், பால் கசிந்து ரவிக்கை நனைந்திருக்கிறது, அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆயாக் கிழவிதான் உன்னை வாங்கிக்கொண்டாள்.

60 நாளில் வேலைக்குப் போனது உண்மை. போய் மரத்தடியில் கத்தியோடு நின்றுகொண்டே இருப்பாள். பக்கத்து நிரைப் பெண்கள் அவள் மரங்களையும் சேர்த்து வெட்டினார்கள். நான் வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்குப் பயந்து என் நிரையைவிட்டு நகரவில்லை. காற்றுக் கருப்பு என்று பூசாரியிடம் திருநீறு வாங்கிப் பூசினேன். என்ன செய்கிறது என்று அவளை ஒரு நாளும் கேட்கவில்லை. மறுபடி அவள் சிரிக்கத் தொடங்கியபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். அவள் போன பிறகு, முணுமுணுக்காதவள் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாகிவிட்டது.

அவளிடம் கேட்காததை உன்னிடம் கேட்கிறேன். உனக்கு என்ன செய்கிறது? போனில் சொல்ல முடியாவிட்டால் கிளினிக்கில் சொல். பிள்ளை பெற்றவளின் மனச் சோர்வுக்கும் மருத்துவம் இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை இரவு ஈப்போ அமான்ஜாயா நிலையத்தில் பஸ் ஏறுகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. விடியும்போது உங்கள் ஊர் லார்க்கின் பஸ் நிலையத்தில் இருப்பேன். மாப்பிள்ளை வர வேண்டாம், டாக்சி பிடித்துக்கொள்கிறேன். முருங்கைக்காய் கொண்டுவருகிறேன், நானே சமைப்பேன். நீ கதவைத் திறந்து, பிள்ளையை என் தோளில் போட்டுவிட்டுப் போய்ப் படு. அவன் எவ்வளவு அழுதாலும் நான் வைத்திருக்கிறேன்.

அப்பா